எஞ்சின் முரண்டு பிடிக்குதா? புகையைப் பாருங்க!

காசிமேடு: ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடி தடை, ஜூன் 14-ந் தேதி நள்ளிரவோடு முடிகிறது. ஐஸ் ஏற்றியாச்சு, டீசல் நிரப்பியாச்சு. ஆனால் விசைப்படகு எஞ்சின் கிளம்ப மறுக்கிறது!

சும்மா கிடந்த படகில் இது வழக்கமான தொல்லை. செல்ப் சோர்ந்து சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அல்லது உப்புக் காற்றில் டெர்மினல் பூத்திருக்கும். சுரண்டி இறுக்கணும்.

நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லையா? டீசல் போகவில்லை. பில்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்கணும். பிறகு ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைபம்பு அடித்துக் காற்றை வெளியேற்றணும்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர், கம்ப்ரஷனைப் பார்க்க மெக்கானிக் வேண்டும்.

விடாமல் செல்ப் அடித்தால் மோட்டார் கருகிவிடும்.

கரையில் அடம்பிடிக்கும் எஞ்சின் நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து. நாலு நாள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து பார்ப்பது நல்லது!