இடுப்பு மூட்டை மாற்றாமலே காக்க முடியுமா?

இடுப்பு மூட்டு தேய்ந்தால் செயற்கை மூட்டு பொருத்துவதுதான் ஒரே வழி என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். வயதானவர்களுக்கு அது சிறந்த வழிதான். இங்கிலாந்தின் டாக்டர் ஜான் சார்ன்லி 1960களில் செம்மைப்படுத்திய சிகிச்சை அது. ஆனால் முப்பது வயதுக்காரருக்கு? செயற்கை மூட்டும் நாளடைவில் தேயும். வாழ்நாளில் மீண்டும் மாற்ற நேரலாம். இரண்டாம் முறை செய்வது முதல் முறையைவிடக் கடினம்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்தில் பொருந்திச் சுழல்கிறது. சிலருக்கு இந்தக் கிண்ணம் ஆழமின்றி அமைந்துவிடும். அப்போது உடலின் பாரம் பரவலாக இறங்காமல் விளிம்பிலேயே அழுத்தும். அங்குள்ள குருத்தெலும்பு இளவயதிலேயே தேயத் தொடங்கும். குருத்தெலும்புக்கு ரத்த நாளங்கள் இல்லை. ஆகவே தேய்ந்தது பழையபடி வளர்வதில்லை.

இதற்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984இல் ஒரு வழி கண்டார். கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டி, பந்தை நன்கு மூடும்படி கிண்ணத்தைத் திருப்பி, திருகாணிகளால் பொருத்துவதே அம்முறை. இடுப்பு வளையத்தின் பின்பகுதி அறுபடாததால் அதன் உறுதி குலைவதில்லை. எலும்பு கூடும்வரை சில வாரங்கள் ஊன்றுகோல் தேவை.

பலன் எத்தனை நாள்? அங்கு முதலில் செய்யப்பட்ட 75 மூட்டுகளைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். சிகிச்சையின்போது நோயாளிகளின் சராசரி வயது 29. இருபது ஆண்டுகளுக்குப் பின், சுமார் 60 சதவீத மூட்டுகள் காப்பாற்றப்பட்டிருந்தன. முப்பது ஆண்டுகளில் அளவுகோலை இன்னும் கடுமையாக்கிப் பார்த்தனர்: மூட்டு மாற்றவும் கூடாது, தேய்மானமும் கூடியிருக்கக் கூடாது, நடையும் நன்றாக இருக்க வேண்டும். அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேறியது.

ஆக, இது நிரந்தரத் தீர்வு அன்று. காலத்தைச் சம்பாதித்துத் தரும் சிகிச்சை. பிள்ளைகளை வளர்த்து, உழைத்துச் சம்பாதிக்கும் ஆண்டுகளைச் சொந்த மூட்டோடு கழிக்க முடிவது சிறிய லாபமா? பின்னாளில் தேவைப்பட்டால் செயற்கை மூட்டும் பொருத்திக்கொள்ளலாம்.

ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. தேய்மானம் முற்றியவர்களுக்கும் நாற்பதைக் கடந்தவர்களுக்கும் பலன் குறைவு. இளவயதினருக்குத் தொடை இடுக்கில் வலி நீடித்தால், ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல், எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே நல்லது.