கீரையும் எண்ணெயும் குடலணுவும்

உணவு உடலுக்கு எரிபொருள். அடுப்புக்கு விறகு போல என்று பள்ளியில் படித்தோம். விலங்கியல் வகுப்பில் மரபணுக்களின் இயக்கத்தைப் படிக்கத் தொடங்கியபின் இந்த உவமை பாதிதான் பொருந்தும் என்று எனக்குப் பட்டது. விறகு அடுப்பை மாற்றுவதில்லை. நாம் உண்ணும் கொழுப்பும் வைட்டமின் ‘ஏ’யுமோ, தம்மை ஏற்கும் குடலணுவின் மரபணுக்களையே தூண்டவும் அடக்கவும் வல்லவை.

இவ்விரண்டின் உறவு பழையது. 1913இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மெக்காலமும் மார்கரீட் டேவிஸும் எலிகளுக்குப் பன்றிக் கொழுப்பையும் ஆலிவ் எண்ணெயையும் கொடுத்துப் பார்த்தனர், வளர்ச்சி நின்றது. வெண்ணெயின் கொழுப்பைச் சேர்த்ததும் எலிகள் மீண்டும் வளர்ந்தன. வைட்டமின் ‘ஏ’ வெளிப்பட்டது இப்படித்தான்.

கீரையில் இருப்பது வைட்டமின் ‘ஏ’ அன்று. அதன் மூலப்பொருளான கரோட்டீன். அது நீரில் கரையாது. உணவில் கொழுப்பும் உடன் பித்தநீரும் இருந்தால்தான் குடலணுவுக்குள் நன்கு நுழையும். அங்கே ஒரு நொதி அதை நடுவில் பிளந்து இரு துண்டாக்குகிறது. விடுதியில் கீரை மசியல்மேல் எண்ணெய் மிதந்தால் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகவே இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்!

இனி உட்கருவுக்குள் செல்வோம். வைட்டமின் ‘ஏ’யிலிருந்து உண்டாகும் ரெட்டினோயிக் அமிலம் ‘ஆர்.ஏ.ஆர்.’ என்னும் ஏற்பிப் புரதத்தைப் பற்றுகிறது. 1987இல் பிரான்சில் ஷாம்போன் குழுவினரும் அமெரிக்காவில் எவன்ஸ் குழுவினரும் இதைத் தனித்தனியே கண்டறிந்தனர். 1990இல் இங்கிலாந்தில் இஸ்ஸெமனும் கிரீனும் கண்ட ‘பி.பி.ஏ.ஆர்.’ என்னும் ஏற்பியைக் கொழுப்பு அமிலங்கள் தூண்டுகின்றன என்பது பின்னர் தெரிந்தது. வியப்பு என்னவென்றால், இரண்டுக்கும் துணை ஒன்றே: ‘ஆர்.எக்ஸ்.ஆர்.’ என்ற புரதம். அதனுடன் இணைந்த பின்னரே இவை டி.என்.ஏ.யில் தமக்குரிய இடத்தில் அமர்ந்து மரபணுவை இயக்குகின்றன. இரண்டு வீட்டுச் செய்தியும் ஒரே தூதுவன் கையில்! ரெட்டினாலைத் தாங்கிச் செல்லும் புரதம் ஒன்று குடலணுவில் உண்டு. கொழுப்பு மிகுந்த உணவு பெற்ற எலிகளின் குடலில் அதன் மரபணு கூடுதலாக இயங்கியதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. குடலணுவில் ‘ஐ.எஸ்.எக்ஸ்.’ என்னும் காவலன் இருக்கிறான். ரெட்டினோயிக் அமிலம் பெருகினால் இக்காவலனின் மரபணு விழித்துக்கொள்கிறது. உடனே கரோட்டீனைப் பிளக்கும் நொதியின் மரபணுவும், கரோட்டீனை உள்ளே விடும் புரதத்தின் மரபணுவும் அடக்கப்படுகின்றன. வைட்டமின் குறைந்தால் காவல் தளர்கிறது, கதவு திறக்கிறது. சுண்டெலிகளில் செய்த ஆய்வுகள் 2010 அளவில் இதைத் தெளிவாக்கின. குடலின் உள்உறை மூன்று முதல் ஐந்து நாட்களில் புதுப்பிக்கப்படுவது; பிறக்கும் புதிய அணுக்களும் இந்தக் கணக்கை மறப்பதில்லை.

கேரட்டை அளவின்றி உண்பவரின் உள்ளங்கை மஞ்சளாகலாம். வைட்டமின் ‘ஏ’ நஞ்சாவதில்லை. ஆனால் ஈரலிலும் மாத்திரையிலும் உள்ளது ஏற்கெனவே உருவான வைட்டமின். அது இந்தக் காவலனைக் கேட்டு நுழைவதில்லை. துருவக் கரடியின் ஈரலைத் தின்றவர்கள் நோயுற்றது அதனால்தான். மாலைக்கண்ணைத் தடுக்க 1970இல் தொடங்கிய நமது நாட்டுத் திட்டத்தில், குழந்தைகளுக்கான பெரிய அளவு மருந்தை ஆறு மாத இடைவெளியில்தான் கொடுக்க வேண்டும் என்று வகுத்திருந்தார்கள். கீரைக்கு அத்தகைய இடைவெளி தேவையில்லை. ஒரு கரண்டி எண்ணெய்தான் தேவை.