தோட்டத்துப் பேட்டரி இணைப்பில் கவனம் தேவை

அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், கம்பம் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பேட்டரியால் இயங்கும் கருவிகள் பெருகி வருகின்றன. சூரிய ஒளி விளக்குப்பொறி, சொட்டுநீர் தானியங்கி, கண்காணிப்பு கேமரா ஆகியவை பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்சாரத்தில் இயங்குபவை. ‘12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?’ என்று நீங்கள் எண்ணக்கூடும். அது உடலில் ஷாக் அடிக்காது என்பது உண்மையே. ஆனால் தீ உண்டாக்க அது போதும்.

கம்பியின் பருமன்

60 வாட் கருவி 240 வோல்ட் மின்சாரத்தில் கால் ஆம்பியர் மட்டுமே இழுக்கும். 12 வோல்ட்டில் அதே 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் தேவை. ஆகவே வோல்ட் குறையும்போது கம்பி பருமனாக வேண்டும். பேட்டரிக்கும் கருவிக்கும் 10 மீட்டர் தூரம் என்றால், போக வர 20 மீட்டர் கம்பி ஆகிறது. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் சுமார் 1.2 வோல்ட் வழியிலேயே வீணாகும்; அதாவது பத்தில் ஒரு பங்கு. 4 சதுர மி.மீ. கம்பியில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே வீணாகும். பேட்டரியைக் கருவிக்கு அருகில் வைப்பது இன்னும் சிக்கனமானது.

ஃபியூஸ்

இரு கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொடுக்கும். சில நொடிகளில் கம்பி பழுத்து, உறை எரியும். இதைத் தடுக்க, பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் பொருத்த வேண்டும். 5 ஆம்பியர் கருவிக்கு 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் போனால் காரணத்தைக் கண்டறிந்த பின்னரே புதியது போட வேண்டும். அதற்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றுவது கூடாது.

பந்தலில் கட்டாதீர்

கல்தூண் பந்தலின் இரும்புக் கம்பியோடு மின்கம்பியைச் சேர்த்துக் கட்டுவது ஆபத்தானது. காற்றில் உரசி உறை தேயும். கவாத்துச் செய்யும்போது கத்தரியும் வெட்டிவிடும். மோட்டாருக்குச் செல்லும் 240 வோல்ட் கம்பி இவ்வாறு பட்டால் பந்தல் முழுவதும் மின்சாரம் பாய்ந்து உயிரிழப்பு நேரும். மின்கம்பிகளைப் பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து, மண்ணில் ஒன்றரை அடி ஆழத்தில் கொண்டு செல்க.

இணைக்கும் முறை

1. சிவப்புக் கம்பியைப் பாசிட்டிவுக்கும் கறுப்புக் கம்பியை நெகட்டிவுக்கும் பயன்படுத்துக. மாறினால் கருவி பழுதாகும்.

2. சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியில் முதலில் பேட்டரியையும் பின்னர் சூரியத் தகட்டையும் இணைக்கவும். கழற்றும்போது தகட்டை முதலில் கழற்றவும்.

3. நேர் மின்சாரத்துக்கென விற்கும் சுவிட்சையே வாங்குக. வீட்டுச் சுவிட்சில் தீப்பொறி எளிதில் அணையாது; முனைகள் கருகும்.

4. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. காற்றோட்டமான இடத்தில் வைக்கவும்.

சூரிய பம்புசெட் வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: அங்கே பல தகடுகள் தொடராக இணைக்கப்பட்டு, பல நூறு வோல்ட் வரை இருக்கும். வெயில் படும் வரை, சுவிட்சை அணைத்தாலும் தகட்டுக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும். அதனைப் பயிற்சி பெற்றவரே தொட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை இணைப்புகளைச் சோதியுங்கள். 12 வோல்ட் கருவியை அரை மணி நேரம் ஓட்டியபின், உறையிட்ட இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது தளர்ந்துள்ளது என்று அறிந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு இறுக்குங்கள். முனைகளில் பச்சை படிந்தால் துடைத்து, வாசலின் தடவுங்கள். இவற்றைக் கடைப்பிடித்தால் கருவி நீண்ட நாள் உழைக்கும். தோட்டமும் பாதுகாப்பாக இருக்கும்.