விட நினைத்தும் விட முடியவில்லையா?



பெரட்டுக்குப் போகும் முன் ஒரு சிகரெட். மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கக் காத்திருக்கும்போது ஒன்று. செம்பனைக் குலை வெட்டிக் களைத்து உட்கார்ந்தால் இன்னொன்று. வீட்டிலே பாட்டிக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு கிள்ளு புகையிலை. இதெல்லாம் நாம் பார்த்துப் பழகிய காட்சிகள்தான்.

இவர்களில் பலர் விட நினைத்தவர்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருந்து, அத்தனை நாளும் தொடாமல் இருந்துவிட்டு, காவடி இறக்கிய மறுநாளே பற்ற வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! "ஒனக்கு ரோஷமே இல்லையா?" என்று வீட்டில் ஏச்சு. "நமக்கு மன உறுதி பத்தாதுங்க" என்று இவரும் தன்னையே நொந்துகொள்கிறார். பிறகு முயற்சி செய்வதையே விட்டுவிடுகிறார். அந்தத் தோழர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

"இதுக்கு மருந்து இருக்குதா?" என்று கேட்டால், இருக்கிறது. அது சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து. எப்படிச் சோதித்தார்கள், எவ்வளவு பலன் கிடைத்தது என்று பார்ப்போம்.

குறை ரோஷத்தில் இல்லை

புகையிலையில் நிக்கோட்டின் என்ற பொருள் இருக்கிறது. புகையை இழுத்ததும் அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. மூளையில் அதற்கென்று பூட்டு போன்ற இடங்கள் உண்டு. நிக்கோட்டின் சாவி போலப் போய்ப் பொருந்தியதும் ஒரு சுகம் தெரிகிறது. நாளடைவில் மூளை அந்தச் சாவிக்குக் காத்திருக்கப் பழகிவிடுகிறது.

திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பசி கூடும், வேலையில் மனம் நிற்காது. முதல் வாரம்தான் மிகவும் கஷ்டம். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த வாரங்களைத் தாண்டத்தான் மருந்து உதவுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். நம்மைக் கட்டிப்போடுவது நிக்கோட்டின். ஆனால் நுரையீரலையும் இருதயத்தையும் அழிப்பது, பெரும்பாலும் புகையில் உள்ள தாரும் விஷ வாயுக்களும்தான். ஆகவே புகை இல்லாமல் கொஞ்சம் நிக்கோட்டினை மட்டும் கொடுத்து, பிறகு அதையும் படிப்படியாகக் குறைத்தால் என்ன?

நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்த யோசனை

இப்படி யோசித்தவர்கள் சுவீடன் நாட்டினர். அங்கே நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்த மாலுமிகள், உள்ளே புகைக்க முடியாததால் வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்த கிளாஸ் லுண்ட்கிரேன் என்ற ஆராய்ச்சியாளர், 1967இல் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்த ஓவெ ஃபேர்னோவுக்கு எழுதினார். அதிலிருந்து வந்ததுதான் நிக்கோட்டின் சூயிங்கம். 1978இல் முதன்முதலாக சுவிட்சர்லாந்தில் அது விற்பனைக்கு வந்தது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை பிறகு வந்தது.

பலன் உண்டு என்று எப்படித் தெரியும்?

"எங்க மாமா இந்த மருந்தைச் சாப்பிட்டார், விட்டுட்டார்" என்று ஒருவர் சொன்னால் அது சாட்சி ஆகாது. மருந்து இல்லாமலும் மாமா விட்டிருக்கலாம். விடாமல் போன பத்துப் பேரைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

ஆகவே ஆராய்ச்சியாளர்கள் இப்படிச் செய்கிறார்கள். விட விரும்பும் நூற்றுக்கணக்கானவர்களை, அவர்கள் சம்மதத்தோடு சேர்க்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு நிஜ மருந்து. மற்றதுக்குப் பார்க்க அதே போல இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து எண்ணிப் பார்க்கிறார்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்புவதில்லை. ஒரு சிறு கருவியில் ஊதச் சொல்வார்கள். புகைத்தவர் மூச்சில் கார்பன் மோனாக்சைடு வாயு காட்டிக்கொடுத்துவிடும்.

நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை ஆகியவற்றைப் பற்றி இப்படி நடந்த 130க்கும் மேற்பட்ட சோதனைகளை 2018இல் தொகுத்துப் பார்த்தார்கள். கலந்துகொண்டவர்கள் சுமார் 64,000 பேர். இவை விட்டுவிடும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் வரை கூட்டுகின்றன என்று தெரிந்தது. பட்டையோடு சூயிங்கமும் சேர்த்தால் பலன் இன்னும் அதிகம்.

மாத்திரைகள்

புப்ரோப்பியான் என்பது முதலில் மனச்சோர்வுக்குக் கொடுத்த மருந்து. 1997இல் வெளியான ஆய்வில் 615 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, நாளைக்கு 300 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 23 பேர் புகைக்காமல் இருந்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 12 பேர். வலிப்பு நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது.

வரெனிக்லின் 2006இல் வந்தது. மூளையில் அந்தப் பூட்டுக்குள் பாதிச் சாவி போல இது உட்கார்ந்துகொள்கிறது. தவிப்பு குறைகிறது. நடுவில் ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. குமட்டல், விசித்திரக் கனவுகள் சிலருக்கு வரும். இது மனதைக் கெடுக்கும் என்று ஒரு பயம் இருந்தது. 16 நாடுகளில் 8,144 பேரைக் கொண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. அந்தப் பயத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் ஆலோசனையும் சொன்னார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை தொடாமல் இருந்தவர்கள், நூற்றுக்கு: வரெனிக்லின் 22, புப்ரோப்பியான் 16, பட்டை 16, வெறும் மாத்திரை 9.

சிட்டிசின் என்ற மருந்து ஒரு செடியின் விதையிலிருந்து வருவது. பல்கேரியாவில் 1964 முதல் விற்றார்கள். 740 பேரைக் கொண்டு போலந்தில் நடத்திய சோதனை 2011இல் வெளியானது. ஒரு வருஷம் தொடாதவர்கள், மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 8 பேர். மற்றவர்களில் 2 பேர்தான்.

இந்த எண்களை மறுபடி படியுங்கள். மிக நல்ல மருந்து சாப்பிட்டும் நூற்றில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் அந்த முறை தோற்றிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் ரோஷம் இல்லாதவர்களா? இல்லை. இது அவ்வளவு கெட்டியான பிடி. ஒருமுறை தோற்றவர் மறுபடியும் முயற்சி செய்யலாம், செய்ய வேண்டும்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு

தாய்மார்களே, "நாங்க புகைக்கலையே" என்று இருந்துவிடாதீர்கள். புகையிலை சேர்த்த வெற்றிலை வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1985இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் சொன்னது. வாயில் ஒதுக்கும் புகையிலையை விட நினைத்த 431 பேருக்கு நார்வேயிலும் சுவீடனிலும் வரெனிக்லின் சோதித்தார்கள். 12 வார மருந்தின் கடைசி நான்கு வாரம் தொடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 59 பேர்; வெறும் மாத்திரையில் 39 பேர். ஆனால் பாக்குக்கும் தனியாக ஒரு பிடி உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே விட வேண்டும். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் இருந்தால் நாள் கடத்தாமல் காட்டுங்கள்.

என்ன செய்வது?

* பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், "பெர்ஹெந்தி மெரோக்கோக் வேணும்" என்று சொல்லுங்கள். பல 'கிளினிக் கெசிஹாத்தான்'களில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு. எந்த மருந்து இருக்கிறது, உங்களுக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர் சொல்வார்.
* வலிப்பு, இருதய நோய், வேறு மருந்து, கர்ப்பம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.
* சூயிங்கத்தை மிட்டாய் போல மெல்லக் கூடாது. காரம் தெரிந்ததும் வெற்றிலை ஒதுக்குவது போல ஈறோரம் ஒதுக்குங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். அதற்குக் கால் மணி முன்னே காப்பி குடிக்க வேண்டாம்.
* கொடுத்த மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. லண்டனில் நடந்த ஒரு ஆய்வு 1979இல் வெளியானது. டாக்டர் ஓரிரு நிமிஷம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, "மறுபடி விசாரிப்பேன்" என்றார். அதற்கே ஒரு வருஷம் கழித்து நூற்றுக்கு 5 பேர் விட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 3 பேர்தான். நல்ல சொல்லுக்கும், மறுபடி விசாரிக்கும் அக்கறைக்கும் அவ்வளவு பலம். ஆகவே ஏசாதீர்கள். "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

தோழர்களே, கூலி உயர்வுக்கு நாம் ஒருமுறை கேட்டு, கிடைக்கவில்லை என்று ஓய்ந்து போனவர்களா? இதிலும் அப்படித்தான். போன தடவை தோற்றது போகட்டும். இந்தத் தடவை மருந்தோடும் துணையோடும் முயலுங்கள்.