வாயிலாக நின்ற பிள்ளை

மணமுறிவு பற்றித் தமிழில் நடக்கும் சொல்லாடல் ஏறக்குறைய முழுவதும் இரண்டு பேரைப் பற்றியது. யார் விட்டது, யார் விடப்பட்டது, நியாயம் யார் பக்கம். அதே வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் சோறு தின்றுகொண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டும் இருந்தது என்பது, 'பிள்ளை யாரிடம் இருப்பது' என்கிற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிப்போகிறது. அந்தப் பிள்ளை பிற்பாடு கவிதை எழுத உட்கார்ந்தால் அங்கே என்ன நிகழ்கிறது என்பதை விளக்கிப் பார்க்கலாம்.

பிரிவைப் பாடுவதற்கு நம்மிடம் இலக்கணமே உண்டு. மருதத்தில், பரத்தையிடம் போன தலைவனுக்காகத் தலைவியிடம் பேச வருபவர்களுக்கு வாயில் என்று பெயர். தொல்காப்பியக் கற்பியல் எண்ணிச் சொல்லும் பன்னிரண்டு வாயில்களில் புதல்வன் இல்லை. பின்னால் வந்த நம்பியகப்பொருள் காதற்புதல்வனையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. இலக்கணம் சேர்ப்பதற்கு முன்பே பாட்டில் அவன் இருக்கிறான். பரத்தையர் போட்டுவிட்ட நகையோடு வீடு திரும்பும் சிறுவனைத் தலைவி விசாரிக்கிற பாடல்கள் மருதக்கலியில் உண்டு. அவன் சாட்சி, தூது, சமாதானத்துக்கான சாக்கு. அவன் பக்கம் நின்று பாட்டு பேசுவதில்லை.

புறத்திலும் இதே நிலைதான். பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காகப் பாடினார்கள் (புறநானூறு 143 முதல் 147 வரை). பரிசில் வேண்டாம், அவளிடம் போய்ச் சேர் என்று ஒரு அரசனிடம் கேட்பது சாதாரண காரியமில்லை. கவிதை அங்கே பஞ்சாயத்து பேசுகிறது. ஆனாலும் அந்த ஐந்து பாட்டிலும் ஒரு குழந்தை கிடையாது.

குழந்தையை நடுவில் வைத்த பிரதி மணிமேகலை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் வஞ்சிக்குப் போய், தன் தகப்பனின் இன்னொரு மனைவியான கண்ணகியின் படிமத்தின் முன் நின்று, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறாள். தமிழில் ஒரு பிள்ளை பெரியவர்களின் முறிவைப் பார்த்துக் கேட்ட பெரிய கேள்வி இது என்று நான் வாசிக்கிறேன். ஆனால் பதில் முன்வினையாக வந்துவிடுகிறது. அதற்குமேல் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

இன்றைக்கு வினையின் இடத்தில் 'காரணம்' உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் ஒரே தெருவில் ஜமாஅத்தில் முடிகிற குலா, 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் வழக்கு, 1869ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து 2001 திருத்தத்துக்குப் பிறகு கொஞ்சம் மூச்சுவிடுகிற கிறிஸ்தவக் குடும்பங்கள், ஊர்ப் பெரியவர்கள் தீர்த்துவிடுவது எல்லாம் உண்டு. 1976இல் இந்து சட்டத்தில் வந்த பரஸ்பர சம்மதப் பிரிவு, ஒரு வருஷம் பிரிந்திருந்தாயா, சேர்ந்து வாழ முடியவில்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இவை எதிலும் பிள்ளையின் நலன் கருதப்படலாம். பிள்ளையின் வியாக்கியானத்தை யாரும் கேட்பதில்லை.

பொருளாதாரமும் இதில் இருக்கிறது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்தபின் முழுமைப்படுத்திய தோலும் காலணியும் வளர்ந்தன. சுண்ணாம்புத் தொட்டியும் பட்டறையும் ஆண்களுடையதாக இருந்த ஊரில், ஷூ கம்பெனி பெண்களைக் கூலிக்கு அழைத்தது. கையில் சம்பளம் இருக்கிற பெண் தனியாக இருக்க முடிகிறது. இதைக் குடும்பச் சீரழிவு என்று பேசுகிறவர்கள், முன்பு சேர்ந்திருந்தவர்கள் எதனால் சேர்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் அம்மா அப்படி அப்பர் தைக்கப் போனவள். எனக்குப் பதினோரு வயசில் அவர்கள் பிரிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நைனாவைப் பார்த்துவிட்டு வந்தால் அம்மா கேட்பாள்: "இன்னா சொன்னாரு?" அங்கே போனால் அவர் கேட்பார்: "உங்கம்மா எதனா சொன்னாளா?" இரண்டு பக்கமும் நான் பாதியைத்தான் சொன்னேன். எம்.ஏ.வில் வாயில் என்ற சொல்லைப் படித்தபோது அதற்கு உரை தேவைப்படவில்லை.

ஆக, கவிதை இங்கே செய்வது என்ன? மனப்பாரத்தை இறக்கி வைப்பது என்று சொல்வது சுலபம். எனக்குத் தெரிந்தவரை அது வாயிலின் வேலையை நிறுத்துகிறது. தூதுவன் மற்றவர் பேச்சைக் கொண்டுபோவதை விட்டு, தான் பார்த்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறான். உரைநடையில் எழுதினால் 'ஏனென்றால்' என்று ஒரு வார்த்தை வந்து நிற்கும், உடனே அது வழக்காகிவிடும். கவிதையில் அவர் சட்டையில் ஒட்டியிருந்த தோல் வாடையையும் அம்மாவின் விரலில் ஊசி ஏறிய தழும்பையும் அடுத்தடுத்த வரியில் வைக்கலாம். நடுவில் இருக்கிற வெற்றிடம் தீர்ப்பு சொல்லாது.

ஆபத்தும் உண்டு. அமெரிக்கக் கவி ராபர்ட் லோவல், தான் பிரிந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கின் கடிதங்களைக் கவிதையில் போட்டு 1973இல் தொகுப்பாக்கினார். அட்ரியன் ரிச் அதைக் கடுமையாகத் தாக்கினார். எழுதுகிறவனுக்கு அனுபவம், எழுதப்பட்டவளுக்கு அவமானம். மறுபக்கம் பிரீடா ஹியூஸ். சில்வியா பிளாத்தும் டெட் ஹியூஸும் 1962இல் பிரிந்தார்கள். மறுவருஷம் தாய் தற்கொலை செய்துகொண்டாள். பெற்றோரின் பிரிவு உலகத்தின் சொத்தாகி, ஆளாளுக்குத் தீர்ப்பெழுதிய பிறகு, மகள் கவியாக வந்து அந்த வாசகர்களைப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது.

ஷூ கம்பெனி வரிசையில் நூறு பேர் நடுவே உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு ஊரே அந்த வாசகர் கூட்டம்தான். அவள் கதையை ஊர் ஏற்கனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது. மகன் இரண்டாம் முறை எழுதும்போது எதைச் சேர்க்கிறான்? நான் எழுதியவற்றில் அச்சுக்குக் கொடுத்தவை குறைவு. அம்மா தமிழ் படிப்பாள். அவள் படித்துவிட்டு 'இன்னா எழுதிக்கீற' என்று கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்ல முடிகிற கவிதையை மட்டும் கொடுக்கிறேன். விமர்சன அளவுகோலாக இது போதாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேறு அளவுகோல் இருந்தால் பேசலாம்.