குளிரும் ஒரு மருந்து



ஐஸ் என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? பினாங்கு வெயிலில் ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் வாங்கிக் குடிக்கும் செண்டோல் நினைவுக்கு வரும். கால் சுளுக்கிக்கொண்டால் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கும் ஐஸ் கட்டி நினைவுக்கு வரும். அதே குளிரைப் பல மடங்கு கடுமையாக்கி, டாக்டர்கள் நோய் தீர்க்கவும் பயன்படுத்துகிறார்கள். இதற்குக் குளிர் சிகிச்சை, அதாவது 'கிரையோதெரபி' என்று பெயர். "ஐஸ் வைத்து எடுத்துவிடலாம்" என்று டாக்டர் சொன்னதுமே பயந்துபோய், அடுத்த தவணைக்குப் போகாமல் நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பயம் தீர, இந்தச் சிகிச்சையில் என்ன நடக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

குளிர் எப்படி நோயை அழிக்கிறது? நம் உடல் கோடிக்கணக்கான சிறுசிறு உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. கடுங்குளிர் பட்டால் அந்தத் தண்ணீர் உறைந்து, ஊசி போன்ற பனித்துகள்கள் உண்டாகின்றன. அவை உயிரணுவின் சவ்வைக் கிழிக்கின்றன. அந்த இடத்துக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. உறைந்த சதை சில நாட்களில் உதிர்ந்து, கீழிருந்து புதிய தோல் வளர்கிறது.

இது நேற்று முளைத்த வைத்தியம் அன்று. 1840ஆம் ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னட் என்ற மருத்துவர், பொடித்த ஐஸையும் உப்பையும் கலந்து புற்றுநோய்க் கட்டிகளின் மேல் வைத்து, நோயாளிகளின் வலியைத் தணித்தார். ஐஸோடு உப்பைச் சேர்த்தால் குளிர் அதிகமாகும். ஐஸ்கிரீம் போத்தோங் செய்பவர்கள் கையாண்ட முறையும் இதுவே. இன்று ஆஸ்பத்திரியில் பயன்படும் திரவ நைட்ரஜனின் குளிர் இதைவிட மிகக் கடுமையானது. அது சைபருக்குக் கீழே 196 டிகிரி. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டிலோ சைபருக்குக் கீழே 18 டிகிரிதான்.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் கை கால்களில் வரும் மருவுக்குச் செய்யப்படுகிறது. டாக்டர் திரவ நைட்ரஜனை மருவின் மேல் சில விநாடிகள் பீய்ச்சுவார், அல்லது பஞ்சில் தோய்த்து வைப்பார். அந்த இடம் வெள்ளையாக மாறும்; சுருக்கென்று எரியும். பிறகு சிவந்து, கொப்புளம் எழும்பலாம். அதைக் கிள்ளிவிடக் கூடாது. ஓரிரு வாரங்களில் பொருக்கு உதிரும். ஒரே தவணையில் மரு போகாமல் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னால் மனம் தளரவேண்டாம். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அந்த இடம் சில காலம் வெளுத்தோ கறுத்தோ தெரியலாம். நீரிழிவு உள்ளவர்கள் காலில் மரு இருந்தால், நீரிழிவு இருப்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பிளேடால் அறுப்பது, சுண்ணாம்பு வைப்பது, பால் உறைய ஊற்றும் ஆசிட்டைத் தடவுவது ஆகியவை புண்ணைப் பெரிதாக்கும் வேலைகள்.

மருவை உண்டாக்குவது எச்.பி.வி. எனப்படும் ஒரு கிருமிக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் மரு உண்டாக்கும் வகைகள் வேறு. பெண்களின் கருப்பை வாயில் புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் வேறு. ஆகவே கையில் மரு இருப்பவர்கள் புற்றுநோய் வருமோ என்று கலங்க வேண்டியதில்லை. கருப்பை வாயைத் தாக்கும் வகைகளைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாய்மார்களே, இந்தக் கிருமி உடலுறவின் மூலம் தொற்றுகிறது. உடனே "இது நடத்தை சரியில்லாதவர்களுக்கு வருவது" என்று பேசுவது பெரும் தவறு. ஒரே கணவரோடு வாழ்கின்ற குடும்பப் பெண்ணுக்கும் இது தொற்றலாம். பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறும். அதற்கு முந்திய நிலையில் வலி இருக்காது, இரத்தம் போகாது, ஒரு தொந்தரவும் தெரியாது. "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று சோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டு, இரத்தப்போக்கு கண்ட பிறகு ஓடுவதால்தான் உயிர்ச்சேதம் ஏற்படுகிறது.

தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,000க்கும் அதிகமான கிராமத்துப் பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். அவர்களில் 31,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் நீர்த்த காடியைத் தடவிப் பார்த்தார்கள். கெட்டுப்போன இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். தகுதியானவர்களுக்கு அந்த நர்சுகளே குளிர் சிகிச்சையும் செய்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட கிராமங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் வரும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. வயற்காட்டில் உழைக்கும் பெண்கள் கூச்சத்தை விட்டு வந்ததனால் கிடைத்த பலன் இது.

முதன்முறை இந்தச் சிகிச்சைக்குப் போகும் பெண்ணுக்கு என்ன நடக்கும்? மயக்க மருந்து தேவையில்லை, கத்தியும் இல்லை. மகப்பேற்றுச் சோதனையின்போது படுப்பது போலப் படுக்க வேண்டும். வாயு உருளையோடு இணைத்த ஓர் உலோக முனையைக் கருப்பை வாயில் பொருத்தி, 3 நிமிடம் உறைய வைப்பார்கள். 5 நிமிடம் இளக விடுவார்கள். மீண்டும் 3 நிமிடம் உறைய வைப்பார்கள். மாதவிலக்கு வலி போல அடிவயிறு இழுக்கலாம். சிறிது நேரம் இளைப்பாறிவிட்டு அன்றே வீடு திரும்பலாம்.

அதன்பின் ஒரு மாதம் வரை தண்ணீர் போலப் போக்கு இருக்கும். அது இயல்பு. அந்த ஒரு மாதமும் தாம்பத்திய உறவு கூடாது. இதைக் கணவன்மார் புரிந்துகொண்டு ஒத்துழைக்க வேண்டும். காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, துர்நாற்றமுள்ள போக்கு, மாதவிலக்கைவிட அதிகமான இரத்தம் ஆகியவற்றுள் ஏதேனும் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் சொன்ன நாளில் மறுசோதனைக்கும் போக வேண்டும்.

எல்லோருக்கும் குளிர் சிகிச்சை பொருந்தாது. கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை தள்ளி வைப்பார்கள். கெட்ட இடம் பெரிதாகவோ உள்ளே ஆழமாகவோ இருந்தால், மின்கம்பி வளையத்தால் எடுப்பது போன்ற வேறு முறை செய்வார்கள். புற்றுநோயே வந்துவிட்டால் அதற்கு அறுவை, கதிர் சிகிச்சை என்று வழிகள் வேறு. எது ஏற்றது என்பதை டாக்டரே முடிவு செய்வார்.

நாம் செய்ய வேண்டியது என்ன? நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போகலாம். அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பாப் ஸ்மியர் அல்லது எச்.பி.வி. சோதனை வேண்டும் என்று கேளுங்கள். நர்ஸ் செய்ய வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. பெண்ணே மறைவில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் இப்போது நம் நாட்டில் வந்துவிட்டது. மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால், ஜார்ஜ்டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். ஒருநாள் சம்பளம் போகுமே என்று தவணையைத் தவறவிடாதீர்கள், எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி தொற்றாமலேயே தடுக்க ஊசி உண்டு. 2010 முதல் மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடும் திட்டம் தொடங்கியது. பள்ளியிலிருந்து இசைவுத் தாள் வந்தால், பெற்றோர் யோசிக்காமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஊசி விடுபட்டிருந்தால் கிளினிக்கில் விசாரியுங்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் பெரியவர்களானதும் சோதனைக்குப் போகவேண்டும்.

அம்மா, அக்கா, மாமியார், மருமகள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து போங்கள். துணை இருந்தால் கூச்சம் பாதி குறையும். பதினைந்து நிமிடக் குளிருக்குப் பயந்து, பிள்ளைகள் தாயை இழக்கும்படி விடலாகாது.