திரையில் வராத காற்று

2001 டிசம்பர் 27 அன்று வாமெய் சூறாவளி மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தென்கிழக்குக் கரையில் ஏறியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகைதான். அவ்வளவு பக்கத்தில் சூறாவளி பிறக்காது என்றுதான் அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்தன. அதற்குள் சிக்கிய அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் பதிவான காற்று விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு அருகே இப்படியொரு சூறாவளி 100 முதல் 400 ஆண்டுக்கு ஒருமுறை நேரக்கூடியது என்று ஆய்வாளர்கள் பின்னர் கணித்தார்கள்.

அதே தென்கிழக்கு ஜொகூரில், செனாய்–தேசாரு விரைவுச்சாலையில், 2011இல் சுங்கை ஜொகூர் பாலம் திறக்கப்பட்டது. இரு கோபுரங்களுக்கு இடையே 500 மீட்டர். நடுவில் ஒரே வரிசைக் கேபிள்கள் அதன் தளத்தைத் தாங்குகின்றன. அந்தப் பாலத்தில் குறை உண்டென்று நான் சொல்லவில்லை. இனி கட்டப்போகும் நீண்ட பாலங்களைக் கணினித் திரையில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடக் கூடாது என்பதே என் கவலை.

கணினி, பாலத்தைச் சுற்றியுள்ள காற்றுவெளியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. தளத்தின் விளிம்பிலிருந்து சுழல்கள் மாறிமாறிக் கழன்று போவது கண்ணுக்குத் தெரிகிறது. பத்து வடிவங்களைச் சில நாளில் ஒப்பிடலாம். பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கட்டத்தைவிடச் சிறிய கொந்தளிப்பை ஒரு தோராயச் சூத்திரம்தான் நிரப்புகிறது. சூத்திரத்தையோ கட்டத்தின் அளவையோ மாற்றினால், பாலம் ஆடத் தொடங்கும் வேகமும் மாறிவிடும்.

ஆடுவதற்குப் பெருங்காற்று தேவையில்லை. அமெரிக்காவின் டகோமா பாலம் 1940 நவம்பர் 7 அன்று முறுக்கிக்கொண்டு விழுந்தபோது காற்று மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர். சீனாவின் ஹூமென் பாலம் 1997இல் திறந்தது, இரு கோபுரங்களுக்கு இடையே 888 மீட்டர் கொண்ட தொங்குபாலம். 23 ஆண்டு அசையாமல் நின்றது, 2020 மே 5 அன்று அலைபோல் ஏறி இறங்கியது. பராமரிப்புப் பணிக்காக ஓரக் கம்பிவேலியை ஒட்டி நீர் நிரப்பிய தடுப்புகளை அடுக்கியிருந்தார்கள். அவை தளத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டன. திறந்த கம்பிவேலியோடு வரைந்த மாதிரியில் இந்த ஆட்டம் எப்படித் தெரியும்?

ஜொகூருக்கு இன்னொரு சிக்கல், மழை. மிதமான காற்றோடு மழையும் சேர்ந்தால் சாய்ந்த கேபிளின் மேல் மெல்லிய நீர்க்கோடு ஓடும். அதனால் கேபிளின் உருவம் மாறி அது அதிரத் தொடங்கும். 1980களில் ஜப்பானின் மெய்கோ நிஷி பாலத்தில் கண்டறிந்தது இது. மலாக்கா நீரிணையிலிருந்து விடியலுக்கு முன் வரும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று, காற்றையும் மழையையும் சேர்த்தே கொண்டுவருகிறது. விரல் தடிமன்கூட இல்லாத அந்த நீர்க்கோட்டைக் கணினியில் சரியாகப் பிடிப்பது இன்றும் கடினம்.

மலேசியாவின் எம்.எஸ். 1553 தரநிலை அடிப்படைக் காற்று வேகத்தை விநாடிக்கு 33.5, 32.5 மீட்டர் என இரு மண்டலங்களாகப் பிரிக்கிறது. வானிலை நிலையப் பதிவுகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஆற்றின் நடுவே, தளத்தின் உயரத்தில், சில நிமிடமே அடித்து ஓயும் சூறையின் போக்கை அந்த ஓர் எண் சொல்லாது. ஆகவே பாலம் எழும் இடத்திலேயே கம்பம் நட்டு, பருவமழைகள் பலவற்றைக் கடந்து காற்றை அளக்க வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துக் கணினியின் விடையோடு ஒப்பிட வேண்டும். திறந்த பிறகும், ஓரத்தில் ஒரு தடுப்புப் பலகை பொருத்துவதற்கு முன்னால்கூட, அந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.